தோட்டாப் பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்
(அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்)

ஐயா, அம்மா, வணக்கம்.

டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னால் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் .243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் பெட்டிகளின் முன்னால் ஒருவர் குழம்பி நிற்பதைப் பார்க்கலாம். ஒரே தட்டில் மூன்று பெட்டிகள். ஒன்றில் 58 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அளவு) குண்டு, நொடிக்கு 3,900 அடிக்கு மேல் வேகம். அடுத்ததில் 80 கிரெயின் செப்புக் குண்டு, 3,350 அடி. மூன்றாவதில் 100 கிரெயின் ஈயக் குண்டு, 2,960 அடி. மூன்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது வேகம்தான். புதிதாக வந்தவர் எதை எடுப்பார்? அதிக வேகம் என்றால் அதிக வலு என்று நினைத்து முதல் பெட்டியை எடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த 58 கிரெயின் நரி, தரை அணில் போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்தது. தொட்டதும் சிதறுவதுதான் அதன் வேலை. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிப்போகும். நுரையீரல் வரை போகாது. அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கோ புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும். பெட்டியில் எதற்கான குண்டு என்ற குறிப்பு இருக்கத்தான் செய்கிறது. பக்கவாட்டில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில்.

வேகத்தைக் காட்டி விற்பது உங்களுக்குப் புதிதல்ல. 1915-ல் .250-3000 சாவேஜ் என்ற தோட்டா வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வடிவமைத்த சார்லஸ் நியூட்டன் மானுக்கு 100 கிரெயின் குண்டையே விரும்பினார். சாவேஜ் நிறுவனமோ 3,000 அடி என்று விளம்பரம் செய்வதற்காகவே 87 கிரெயினுக்கு இறங்கியது. பெயரிலேயே வேகத்தைச் சேர்த்துக்கொண்டது. நூறு வருடம் கழித்தும் பெட்டியின் முகப்பில் அதே ஆசை.

இலகுவான, வேகமான குண்டை நான் எதிர்க்கவில்லை. 100 முதல் 250 கஜம் வரை மான் சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ‘நேர்கோட்டில் பாயும்’ என்கிறீர்கள். 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 250 கஜத்தில் அந்த 80 கிரெயினுக்கும் 100 கிரெயினுக்கும் இடையே சுமார் ஒரு அங்குலம்தான் வித்தியாசம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தால் யாருக்கும் மான் தப்பியதில்லை. உண்மையான லாபம் சுடுகிறவரின் தோளில் இருக்கிறது. அதைவிடப் பெரிய தோட்டாவான .30-06 உதைப்பதில் ஏறக்குறைய பாதிதான் .243 உதைக்கும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்காதவர் குண்டை நினைத்த இடத்தில் வைப்பார்.

இரண்டாவது லாபம் செம்பால் வந்தது. ஈயக் குண்டு பட்ட விலங்குகளின் இறைச்சியைத் தின்று காண்டார் கழுகுகள் செத்ததால் கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது. ஸ்காட்லாந்தில் செம்மானுக்குக் குறைந்தது 100 கிரெயின் என்றிருந்த சட்டத்தை 2023-ல் 80 கிரெயினாகக் குறைத்தார்கள். காரணம் எளிது: ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 8.96. அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாகிவிடும். குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள் குண்டுக்குக் கொடுக்கும் சுழற்சி அந்த நீளத்துக்குப் போதாமலும் போகலாம். ஆகவே செம்புக்கு மாறுகிறவர் எடையில் ஒரு படி இறங்குவதே சரி. எடை குறைந்தாலும் செம்பு உடையாமல் முழுசாக உள்ளே போகும்.

ஆனால் செம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேகம் இல்லாவிட்டால் விரியாது. விரிந்தால் முனை நான்கைந்து இதழாகப் பிரிந்து அகலமான காயம் செய்யும். விரியாவிட்டால் பென்சில் அளவு ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். சில குண்டுகளுக்கு 1,800 அடி போதும், சிலவற்றுக்கு 2,000 அடியாவது வேண்டும். மான் நிற்கும் இடத்தில் எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. குழல்வாயில் எவ்வளவு இருந்தது என்பது அதற்குப் பாதிப் பதில்தான்.

அந்தப் பாதியும் உங்கள் சோதனைக் குழலின் கணக்கு. நீங்கள் அளப்பது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில். இன்று கடையில் விற்கும் பல துப்பாக்கிகளின் குழலோ 20, 18, சைலன்சர் மாட்டத் தோதாக 16 அங்குலமும்கூட. ஒவ்வொரு அங்குலத்துக்கும் 20 முதல் 40 அடி வேகம் போகும். 16 அங்குலக் குழலுள்ள, .308 தோட்டா போடும் துப்பாக்கியில் 150 கிரெயின் செப்புக் குண்டைப் போட்டால் 250 கஜத்தில் சுமார் 2,100 அடிதான் மிஞ்சும். 2,000 கேட்கும் குண்டென்றால் விளிம்பில் நிற்கிறோம். அதே துப்பாக்கியில் 130 கிரெயின் போட்டால் இன்னும் நூற்றைம்பது அடியாவது கையிருப்பு. வாங்குகிறவர் இதை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? உங்களில் சிலர் விரியும் வேகத்தை வலைத்தளத்தில் போட்டிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கடையில் தட்டின் முன் நிற்பவர் கையில் இருப்பது பெட்டி.

நான் கேட்பது இரண்டு எண்கள்: இந்தக் குண்டு விரியக் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, பெட்டியில் உள்ள வேகத்தை எத்தனை அங்குலக் குழலில் அளந்தீர்கள். கூடவே, சிதறும் குண்டாக இருந்தால் ‘மானுக்கு அல்ல’ என்று முகப்பிலேயே, வேகத்தைப் போட்ட அதே அளவு எழுத்தில்.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியில் துள்ளிப் பாய்கிறதே அந்த மான், அதன் கொம்பைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்