தட்டெடுக்க வராதவரைத் தேடியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். தேர்வுகள் முடிந்துவிட்டன. மாணவர் நலக் குழுவுக்கு ஆண்டு முழுக்கத் தோள் கொடுத்த உங்களுக்கு இந்த மடல்.

முதல் வணக்கம் மெஸ் மாஸ்டருக்கும் பரிமாறும் அக்காக்களுக்கும். தொடர்ந்து மூன்று இரவு சாப்பிட வராதவரின் அறை எண்ணை நோட்டில் குறித்து, மாடிப் பொறுப்பு சீனியரிடம் சொன்னீர்கள். மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை. பசி போகும், தூக்கம் கெடும், குளிக்கவும் மனம் வராது. வகுப்பில் அதை "இன்டர்னல்ஸ் டென்ஷன்" என்று கடந்துவிடுவோம்.

சீனியர் அண்ணன்மாரே, அக்காமாரே! "ஏன்டா டல்லா இருக்க?" என்றால் "ஒண்ணுமில்லண்ணா" என்றுதான் பதில் வரும். நீங்கள் "கடைசியா எப்பத் தூங்கின? சாப்டியா?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவும் கேட்டீர்கள். கேட்பதாலேயே அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்ற பதில் வந்தால், மருத்துவரிடம் சேர்க்கும்வரை அவரைத் தனியே விடவில்லை.

மனநலத் துறை ஆசிரியர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். 43 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரைப்படி, மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 16 சதவீதம்கூட இல்லை. ஓ.பி. வரிசையில் பேட்ச்மேட் பார்த்துவிடுவாரே, நாளை இதே சார்தானே வைவா எடுப்பார் என்ற அச்சம் சும்மா வருவதல்ல. மாலை 5 மணிக்குமேல் தனி அறை ஒதுக்கினீர்கள். சிகிச்சை தருபவர் அந்த மாணவருக்குத் தேர்வாளராக அமர்வதில்லை என்றும் முடிவெடுத்தீர்கள்.

மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கேட்கும் பி.எச்.கியூ.-9 படிவத்தைப் பெயரில்லாமல் வாங்கியது எங்கள் தவறு. ஒன்பதாம் கேள்வி சாவையும் தன்னைத் துன்புறுத்திக்கொள்வதையும் பற்றியது. அதில் "பல நாட்கள்" என்று டிக் விழுந்தால் யாரைத் தேடுவது? நீங்கள் சொன்னபடி குறியீட்டு எண் போட்டோம். அதற்குரிய பெயர் ஒரே ஒருவரிடம் மட்டும் இருந்தது. மொத்த மதிப்பெண் 27-க்கு 10 அல்லது அதற்குமேல் வந்தால் அந்த வாரமே சந்திப்பு. ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் 4 ஆனாலும், அன்றே சந்திப்பு.

ரூம்மேட்களே, மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். ஆனால் குமட்டல் சிலருக்கு முதல் வாரமே வந்துவிடும். "ஒத்துக்கல" என்று நிறுத்துவது அப்போதுதான். 25 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அந்த நாட்களில்தான் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டு, கூடவே இருந்தீர்கள்.

நள்ளிரவிலும் தமிழில் பேசிய 14416 டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி எண்) ஆலோசகர்களுக்கும், "சப்ளி எழுதிக்கலாம், நீ வீட்டுக்கு வா" என்ற பெற்றோருக்கும் எங்கள் நன்றி.

அடுத்த பேட்ச் வரப்போகிறது. மெஸ் நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டதால், புது நோட்டை மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம்.

அன்புடன்,
மாணவர் நலக் குழு