சேவ் எடிட்டர் தொட்டவனை விலக்கிய தம்பிகளுக்கு

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கேம் போட்டி நடத்துகிற தம்பிகளே,

போன வாரம் ஒரு பையனைப் போட்டியிலிருந்து தூக்கிவிட்டீர்கள். 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' கேமில் எதுவரை வந்தோம் என்று பதிந்து வைக்கிற சேவ் ஃபைலை, அதற்கென்றே இருக்கிற எடிட்டர் என்ற புரோகிராம் போட்டுத் திருத்தினானாம். எடிட்டர் தொட்டவன் திருடன் என்று விதி எழுதியவர், அந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்றாவது பார்த்திருப்பாரா?

2005-இல் வந்த கேம் அது. காசு, போலீஸ் துரத்தலில் சேர்க்கிற பவுன்டி புள்ளிகள், கராஜில் நிற்கிற வண்டிகள், ஒவ்வொருத்தராக ஜெயிக்க வேண்டிய பிளாக்லிஸ்ட் எதிராளிகள் 15 பேரில் எத்தனை பேரைச் சாய்த்தோம் என்பதெல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலாக இருக்கிறது. அதைத் திறந்து வெறும் எண்ணை மட்டும் மாற்றினால், ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை எண்ணான செக்-சம் ஒத்துப்போகாது, ஃபைல் கெட்டுவிட்டது என்று கேம் கையை விரித்துவிடும். எடிட்டர் எண்ணை மாற்றிவிட்டு அந்தச் செக்-சம்மையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதுகிறது. இவ்வளவுதான் சங்கதி.

அந்தப் பையன் வீடு கொக்கிரகுளம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து சிபியூவோடு சேவ் ஃபைலையும் கொண்டுபோய்விட்டது. பிளாக்லிஸ்டின் கடைசி ஆளான ரேசர் வரைக்கும் வந்திருந்தவன், பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, விட்ட இடத்துக்கு எடிட்டரில் வந்து சேர்ந்தான். மறுபடியும் முதல் ஆளான சன்னியிடமிருந்து தொடங்க அவனுக்கென்ன கோட்டியா?

உங்கள் போட்டியில் நிஜமான கோளாறு வேறு. ஆளாளுக்கு அவரவர் சேவ் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டு வருகிறார்கள். ஒருத்தன் வண்டியில் பிளாக்லிஸ்ட் ஆட்களை ஜெயித்து வாங்கிய, வண்டியின் திறனைக் கூட்டுகிற ஜங்க்மேன் பாகங்கள், இன்னொருத்தன் வண்டி கடையிலிருந்து வந்தபடியே நிற்கிறது, இதில் யார் நன்றாக ஓட்டினார்கள் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எடிட்டரை வைத்தே ஒரு பொது சேவ் ஃபைல் தயார் பண்ணி எல்லா மெஷினிலும் போடுங்கள். (கண்ட சைட்டில் இருந்து இறக்காதீர்கள், வைரஸ் வரும். பழைய ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.)

ஆன்லைனில் இந்த வேலை பார்ப்பவனை நானும் விடமாட்டேன். எதிரே ஓட்டுகிறவனை ஏமாற்றுவது அது, கம்பெனிக்காரன் தடை போட்டால் சரிதான். ஆனால் 'தி க்ரூ' என்ற ரேஸ் கேமைப் பாருங்கள், தனியாக ஓட்டுவதற்கும் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனியின் சர்வர் வேண்டியிருந்தது, 2024 மார்ச் 31-இல் அதை அணைத்தார்கள், காசு கொடுத்து வாங்கியவனின் வண்டி, காசு, கேம் எல்லாம் அந்தானைக்குப் போச்சு. நம் ஹார்டு டிஸ்கில் கிடக்கிற ஃபைலை நாமே சரி பண்ணிக்கொள்ள முடிகிறதே, அதைப் போய்க் குற்றம் என்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். பொது சேவ் ஃபைலை அவனையே பண்ணச் சொல்லுங்கள், உங்களில் வேறு ஒருத்தருக்கும் அது தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் போட்டியை ஓரமாக நின்று பார்க்கிற ஒரு அண்ணன்