எண்ணெய் பாட்டிலை விட்டுப்போன தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்த பிறகு, வடசென்னை எர்ணாவூரில் இந்த 2023 டிசம்பர் எப்படிப் போனது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி எழுதினால் அழுகைதான் வரும். வீடு இன்னும் நாறுகிறது, சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. ஆனால் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் காய்ந்த பாயில் தூங்குகிறார்கள். அதனால் இன்றைக்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த அன்பியத்து (எங்கள் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற ஜெபக் குழு) அக்காமார்கள், ராயபுரத்திலிருந்து போர்வையும் பாயும் ஏற்றிவந்த தம்பிகள், தண்ணீர் கேனை மாடிவரை தூக்கிக் கொடுத்த பக்கத்துத் தெரு பாய், பங்குச் சாமியார், கன்னியர்கள், சுவர் தேய்த்துத் தந்த பையன்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கிற வயசு, பெயர் கேட்காமலே விட்டுவிட்டேன். என் மாமியாருக்குச் சர்க்கரை. காலில் அந்த ஆயில் ஒட்டிக்கொண்டு, சோப்பு போடப் போட இழுவிக்கொண்டே போனது. அவள் தரையில் உட்கார்ந்து, அத்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் விரல் விரலாகத் துடைத்தாள். சர்க்கரைக் காலாச்சே, கீறிவிடக் கூடாது என்று நகக்கண்ணில் இருந்ததைப் பஞ்சால்தான் எடுத்தாள். அத்தை கூச்சத்தில் காலை இழுக்க இழுக்க, "இருங்க பாட்டி, இந்த விரல் மட்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

அப்புறம் மிச்ச எண்ணெயோடு நேரே படியோரம் போனாள். அங்கே கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர் ஆயா ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் மேலே வாங்க என்று கூப்பிடவில்லை. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். பாட்டிலில் சரியாகப் பாதியை அவருக்கென்றே வைத்திருந்திருக்கிறாள். அந்தக் காலும் அவள் மடிக்குத்தான் போனது.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து ஈஸ்டருக்கு முந்தின வியாழனில் நடக்கிற பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றிய பிறகு, ஒரு பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேரில் ஒருவராக அத்தையும் உட்கார்ந்தார். நகம் வெட்டி, சோப்பு போட்டுக் கழுவித்தான் அனுப்பினேன். கழுவின காலைத்தான் கழுவக் கொடுத்தோம். அதே திருத்தந்தை 2013-இல் கோயிலை விட்டு ரோமில் இளம் கைதிகள் இருந்த சிறைக்குப் போய், ஒரு முஸ்லிம் பெண்ணின் பாதத்தையும் கழுவினார். அதைப் படித்துவிட்டு எவ்வளவு பெருமைப்பட்டேன். என் வீட்டுப் படியோரத்தில் இருந்த கால்தான் என் கண்ணில் படவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த ஆயாவும் மன்னிக்கட்டும்.

நேற்று ஆயா வீட்டைத் தேடிப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன். நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு மனு கொடுக்கப் போகிறேன். பெயர் ஏறுகிற வரைக்கும் எத்தனை தடவை அலையவிட்டாலும் கூடவே அலைவேன்.

தங்கச்சி, உன் எண்ணெய் பாட்டில் எங்கள் வீட்டு மாடத்தில்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.