நாயனம் கற்ற சாக்ஸபோன்காரர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் தாமதம். பையன் நாயனம் வேண்டாம், சாக்ஸபோன்தான் கற்பேன் என்கிறானாம். மூணு தலைமுறை வாசிப்பு பரணில் ஏறிவிட்டதாகப் புலம்பியிருக்கிறாய். சரி, ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் அவனைத் திட்டு.

சார்லி மரியானோ என்று ஒரு ஜாஸ்காரர். 1923இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். வாத்தியம் ஆல்ட்டோ சாக்ஸபோன். ஆரம்பத்தில் ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கர்மேல் பித்து. அந்தக் காலத்து ஆல்ட்டோக்காரர்களில் யாருக்குத்தான் அது இல்லை? 1950களில் ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழுவில் வாசித்தார். ஜப்பானியப் பியானோ கலைஞர் டொஷிகோ அகியோஷியை மணந்து, இரண்டு பேருமாகக் குழு நடத்தினார்கள். 1963இல் ஜாஸ் இசையமைப்பாளர் சார்ல்ஸ் மிங்கஸ் பதிவுசெய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' இசைத்தட்டை மட்டும் நீ கட்டாயம் கேட்க வேண்டும். குழு வாசித்து முடித்த பதிவின் மேல் மரியானோவைத் தனியாக வாசிக்கவைத்துச் சேர்த்திருக்கிறார்கள். நம்மூர் இழவு வீட்டில் கிழவிகள் ஒப்பாரியை இழுத்து, தொண்டை உடைந்து, மறுபடி இழுப்பார்களே, அப்படி ஒரு ஆல்ட்டோ.

இவ்வளவு பேர் வாங்கிய மனுஷன், நாற்பது வயது தாண்டியபின் மலேசியா போகிறார். போனது அங்குள்ள வானொலி இசைக்குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க. போன இடத்தில் நாகசுரம், நம்ம நாயனம்தான், காதில் விழுந்தது. அவ்வளவுதான், வாத்தியார் மாணவராக உட்கார்ந்துவிட்டார். பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து கற்றுக்கொண்டார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கா சொல்ல வேண்டும்? சாக்ஸில் துளையை மூடித் திறக்க சாவிகள் இருக்கின்றன. நாயனத்தில் ஏழு துளை, விரல், உதடு, மூச்சு, வேறொன்றும் கிடையாது. உன் அப்பா கச்சேரிக்குக் கிளம்புமுன் நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு, நாம் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாரே! ஒருநாள் திருட்டுத்தனமாக எடுத்து ஊதினோம். காற்றும் எச்சிலும்தான் வந்தது. சீவாளியின் ஓரம் பிளந்துபோய் நீ வாங்கிய அடியை மறந்திருக்க மாட்டாய்.

உள்ளதைச் சொன்னால், மரியானோவின் நாயனத்தில் நம்மவர்கள் ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் இல்லை. தோடி ராகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவாய். ஆனால் ஜெர்மானிய பேஸ் கலைஞர் எபெர்ஹார்ட் வேபரின் 1975 இசைத்தட்டு 'எல்லோ ஃபீல்ட்ஸ்'. அதில் மரியானோ நாகசுரமும் ஷெனாயும் எடுத்திருக்கிறார். கோயில் பிரகாரத்தில் கேட்ட சத்தம் மின்சார வாத்தியங்களுக்கு நடுவே வந்து நிற்பது எனக்குப் புல்லரித்தது. 1983இல் பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு செய்த 'ஜோதி' வேறு மாதிரி. ராமமணி பாடுகிறார், டி.ஏ.எஸ். மணி மிருதங்கம். மரியானோ அந்தக் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி வாசிக்கிறார். தனி ஆவர்த்தனத்திலேயே வளர்ந்த ஜாஸ்காரர்களுக்கு இது லேசில் வராது.

கடைசிக் காலமெல்லாம் ஐரோப்பாவில்தான். 2009இல் கொலோனில் இறந்தார்.

இன்னொன்று. சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தின் அப்பா நாகசுர வித்வான். மகன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போனவர்தான். கமகம் பேச வேண்டும் என்று சாக்ஸபோனிலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டார். வீட்டில் கேட்ட நாயனம் அவர் காதைவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஊருக்கு வருகிறேன். அப்பாவின் நரசிங்கம்பேட்டை நாயனத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வை. வரும்வழியில் திருவாவடுதுறையில் இறங்கி நல்ல சீவாளியாக இரண்டு வாங்கி வருகிறேன். ஒன்று பையன் பிளப்பதற்கு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சர்க்கரை எவ்வளவு என்று நீ இன்னும் எழுதவில்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்