நூல் பிடித்துப் பார்த்த கதை

ரங்கூன்
ஆடி மழை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ஒரு பேஸ் கிட்டார். கிட்டாக வாங்கி நானே பூட்டினேன். கட்டை, கழுத்துபோல் நீளும் நெக், கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், ஸ்க்ரூ எல்லாம் தனித்தனியாக அட்டைப் பெட்டியில் வந்து இறங்க, வீட்டில் "இந்த வயசில் இது வேறயா" என்று ஒரு பாட்டம் கேட்டாயிற்று.

பூட்டுவது அரை நாள் வேலைதான். நெக்கை நாலு ஸ்க்ரூவில் இறுக்கி, பிரிட்ஜை வைத்து, கம்பி மாட்டிப் பார்த்தால், ஒரு ஓரத்து மெல்லிய ஜி கம்பி பலகையின் விளிம்பில் தொங்குகிறது, நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் பன்னிரண்டாவதைத் தாண்டி அழுத்தினால் நழுவி வெளியே போய்விடுகிறது. மறுபக்கம் தடித்த ஈ கம்பிக்கோ மாடு கட்டும் அளவுக்கு இடம். கிட் செய்தவனை வாய் வலிக்கத் திட்டினேன். அப்புறம் அந்த நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கின் தலையைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்து, மறுபடி இறுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் சரியானது, அவ்வளவுதான்.

கம்பியைக் கழற்றிவிட்டு, தையல் நூலை நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நெக் மேல் தப்பில்லை. பிரிட்ஜ்தான் ஜி பக்கமாக 3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. துளை போட்டது யார்? நான்தான். அன்று கரண்ட் போய் டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்தேன், இரண்டு பென்சில் கோடு இருந்தது, வேண்டாம் என்று அழித்த கோட்டின் மேலேயே துளை போட்டிருக்கிறேன். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் 17 அங்குலம், பிரிட்ஜ் வரை மொத்தம் 34, அதையெல்லாம் நாலு தடவை அளந்தவன், அகலத்தில் கோட்டை விட்டேன்.

3 மில்லிமீட்டர் நகர்த்தினால் புதுத் துளை பழைய துளையிலேயே வழுக்கி விழும், அதனால் முதலில் அடைக்க வேண்டும். நம்ம ஊர்த் தேக்கு இருக்கும்போது என்ன கவலை என்று சிராய் சீவிப் பசை தடவி அடித்தேன், மறுநாள் விரலால் பிடுங்கினாலே வந்துவிட்டது. தெருமுனை ஆசாரி பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பசை லேசில் பிடிக்காதாம். பல் குத்தும் மூங்கில் குச்சியைத்தான் மூன்று மூன்றாகத் திணிக்கச் சொன்னார். ஒரு ராத்திரி காயவிட்டுச் சீவி, மெல்லிய பிட்டால் பகல் வெளிச்சத்தில் துளைத்தேன்.

இப்போது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் இரண்டிரண்டு காந்த முனைகளுக்கு நடுவே ஒவ்வொரு கம்பியும் போகிறது பார், அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வாசிக்கவே இல்லை. பழைய துளைகளில் ஒன்று மட்டும் பிரிட்ஜுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. மெழுகு வைத்து மறைத்திருக்கிறேன், நீ கண்டுபிடித்துவிடுவாய்.

நாம் கல்யாண வீடுகளில் வாசித்த காலத்தில் பேஸுக்கு ஒவ்வொரு தடவையும் இரவல் கேட்டு அலைவோமே, இனி அந்தப் பிச்சை இல்லை. தைப்பூசத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், டிரம் குச்சியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. ஈ கம்பி இன்னும் மூன்றாவது ஃப்ரெட்டில் லேசாக இரைகிறது, அதற்குள் பார்த்துவிடுவேன்.

உன் மச்சான்