கலாபகோஸ் பயணத்தை ஒழுங்கு செய்த நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர்களாகிய நாங்கள் தங்கள் ஏற்பாட்டில் ஈக்குவடோரின் எரிமலைத் தீவுகளுக்குப் போய்வந்ததும், அங்கு பட்ட பாடும் தாங்கள் அறியாதவை அல்ல. தொலைபேசியில் நியாயம் கிடைக்காததால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறோம்.

"சகலதும் அடங்கும்" என்ற தங்கள் வார்த்தையை நம்பி வந்தவர்களிடம், பால்ட்ரா விமான நிலையத்தில் இறங்கியதுமே தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு 200 டொலர் காசாகக் கேட்டார்கள். 2024 ஓகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ள கட்டணம் அது. தங்களுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியை ஒருவர் வரிசையை விட்டு விலகி, கைப்பையைக் கவிழ்த்து, மருந்துக் குளிசைகளுக்கிடையே கிடந்த தாள்களைப் பொறுக்கி எண்ணினார்; போதவில்லை. நாங்கள் கொடுத்தும் குறைந்த மிகுதியை வழிகாட்டியே போட்டுச் சமாளித்தார். எவரிடமும் கைநீட்டிப் பழகாத அந்த அம்மா அன்று முழுவதும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

கட்டணத்தில் எது அடங்கும், கப்பல் எங்கெங்கு போகும் என்பதை முற்பணம் வாங்குமுன் தமிழில் எழுதித் தாருங்கள் என்பதே எமது கோரிக்கை.

பறக்க இயலாத நீர்க்காகத்துக்குக் கையேட்டில் ஒரு முழு வண்ணப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு, அந்த 200 டொலருக்கு ஒரு வரி ஒதுக்க இடமில்லாமற் போயிற்றுப் போலும். அப்பறவை வாழ்வது மேற்கேயுள்ள பெர்னாண்டினாவிலும் இசபெலாவிலும் மட்டுமே. கப்பலோ எங்களைத் தென்கிழக்கே எஸ்பனோலாவுக்குக் கொண்டுபோனது. கடல் கொந்தளித்ததால் பாதை மாறியது என்கிறீர்கள். ஒரே இடத்துக்கு ஒரு கப்பல் 14 நாள்களுக்குள் மறுபடி போகக்கூடாதென்பது பூங்காவின் விதி. அதற்கமைய ஒவ்வொரு கப்பலின் பாதையும் முன்கூட்டியே அங்கீகரிக்கப்படுகிறது. ஆகவே எங்கள் கப்பல் எங்கு போகுமென்பது பணம் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

வழிகாட்டியின் மீது எமக்குக் குறையேதுமில்லை. கறுத்த எரிமலைப் பாறையில் கிடந்து மூக்கால் உப்பைச் சீறும் கடல் இகுவானாப் பல்லிகளை, இரண்டு மீற்றருக்கு அப்பால் எங்களை நிறுத்தி, பொறுமையாக விளக்கிக் காட்டினார்.

வங்கிக் கடனோ காப்புறுதியோ பயணமோ, எங்கள் ஊரில் ஆசை காட்டுவது தேன் தமிழில், நிபந்தனை மட்டும் எறும்பெழுத்து ஆங்கிலத்தில். அதை வேறொரு நாள் பேசலாம். இப்போதைக்கு, நுழைவுக் கட்டணமாக நாங்கள் கட்டியதைத் திருப்பித் தருமாறும், அடுத்த குழுவிடம் முற்பணம் வாங்குமுன் கட்டண விபரத்தையும் இறங்கும் தீவுகளின் பெயர்களையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயணத்தில் கலந்துகொண்ட ஆசிரியர்கள் சார்பில்,
மட்டக்களப்பு.