தேதியோட நிறுத்தாதீங்க, டாக்டர்

டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம். மகப்பேறு டாக்டருங்களுக்கு மட்டும் இல்ல, தலைசுத்தல்னு நாங்க முதல்ல வந்து உக்கார்ற பொது மருத்துவர், பல் டாக்டர், எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

எந்த பொண்ணு வந்தாலும் "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டு ஒரு தேதிய எழுதிக்கிறீங்க. கர்ப்பமா இருக்குமோன்னு பாக்கத்தான் அது, புரியுது. ஆனா அந்த தேதியோட பேச்சு முடிஞ்சுடுது. எத்தனை நாள் போச்சு, எவ்ளோ போச்சு, ராத்திரி எழுந்து மாத்த வேண்டியிருக்கான்னு யாரும் கேக்குறதில்ல. நான் 18 வருஷம் தேதிய மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்தவ.

எனக்கு 13 வயசுல ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவையும் 10 நாள், 11 நாள் போகும். ராத்திரி ரெண்டு நாப்கின ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, கீழ ஒரு பழைய துண்ட நாலா மடிச்சு போட்டு, 2 மணிக்கு ஒரு அலாரம், 4 மணிக்கு ஒரு அலாரம் வச்சுட்டு படுப்பேன், அலாரத்துக்கு முன்னாடியே ஈரம் எழுப்பிவிட்டுடும். க்ளாஸ்ல பெல் அடிச்சா எல்லாரும் போனதுக்கப்புறம்தான் எழுந்திரிப்பேன், எழுந்ததும் பெஞ்ச திரும்பி பாப்பேன். இன்னிக்கும் எந்த சேர்ல இருந்து எழுந்தாலும் ஒருதடவ திரும்பி பாத்துட்டுதான் நடக்குறேன்.

அம்மாகிட்ட சொன்னா "நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு இப்படித்தான்மா, எனக்கும் இப்படித்தான்"னு சொல்வாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கும் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. எது நார்மல்னு அவங்களுக்கும் யாரும் சொல்லித்தரல, அவ்ளோதான். ஆனா டாக்டர்களுக்கு தெரியும்ல? 8 நாளுக்கு மேல போனா, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ பேட் நனைஞ்சா, பெரிய பெரிய கட்டியா விழுந்தா அது அதிகம்னு உங்க புத்தகத்துலயே இருக்கு. 16 வயசுல என்னைய பாத்தவர் "வயசு கோளாறு, போகப்போக சரியாயிடும்"னாரு. 24 வயசுல பாத்தவங்க "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்"னாங்க. குழந்தையும் பொறந்துச்சு, பொறந்து அஞ்சு வாரமா ரத்தம் நிக்கல, அப்பவும் "சிலருக்கு இப்படி இருக்கும்"தான்.

நடுவுல இரும்புச்சத்து மாத்திரை எத்தனை அட்டை முழுங்கியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஹீமோகுளோபின் 11.8, 12ன்னு வந்தா "ரத்தம் நல்லாத்தான் இருக்கு"ன்னு அனுப்பிடுவாங்க. உடம்புல சேத்து வச்சிருக்குற இரும்பு தீந்து ரொம்ப நாள் கழிச்சுதான் ஹீமோகுளோபின் இறங்கும், சேத்து வச்ச இரும்ப காட்டுற ஃபெரிட்டின்னு ஒரு ரத்த டெஸ்ட் பாத்தாத்தான் அது தெரியும். எனக்கு முதல்தடவ பாத்தப்போ வெறும் 6தான் இருந்துச்சு. மாடிப்படி ஏற முடியாம இருந்தத சோம்பேறித்தனம்னு நானே நம்பிட்டு இருந்தேன்.

31 வயசுல பல்லு புடுங்க போனேன். மறுநாள் வரைக்கும் ரத்தம் நிக்கல. அந்த பல் டாக்டரம்மா பஞ்ச மாத்திக்கிட்டே மூணு கேள்வி கேட்டாங்க. சின்ன வயசுல மூக்குல ரத்தம் வருமா? லேசா இடிச்சுக்கிட்டாலே நீலமா கன்னிப்போகுமா? பீரியட்ஸ்ல எத்தனை மணி நேரத்துக்கு ஒருதடவ பேட் மாத்துவீங்க? மூணாவது கேள்விக்கு பதில் சொல்ல வாய திறந்தேன், அழுக வந்துடுச்சு. ரத்த நோய் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க, ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தாங்க, வான் வில்லிப்ராண்ட் நோய்னு வந்துச்சு. ரத்தம் உறைய உதவுற ஒரு ரத்தக்கூறு குறைவா இருக்குற, இல்ல சரியா வேலை செய்யாத, பரம்பரையா வர்ற நோய் அது.

பின்லாந்து டாக்டர் எரிக் வான் வில்லிப்ராண்ட் 1926லயே இதப்பத்தி எழுதிட்டார். ஓலாண்ட் தீவுல இருந்து அவர்கிட்ட வந்த 5 வயசு குழந்தைய வச்சுத்தான் அவர் இத கண்டுபுடிச்சதே. அந்த பொண்ணு பிற்பாடு 13 வயசுல, தன்னோட நாலாவது பீரியட்ஸ்ல ரத்தம் போயே செத்துப்போச்சு. இந்த நோயோட கதையே ஒரு பொண்ணோட பீரியட்ஸ்ல முடியுது, ஆனா பீரியட்ஸ்னு சொல்லிக்கிட்டு வர்றவங்ககிட்ட இத தேடுறவங்க கம்மி. அதிக ப்ளீடிங்னு வர்ற பெண்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு இது இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. கர்ப்பமா இருக்கும்போதும் உடம்புக்கு பெரிய அழுத்தம் இருக்கும்போதும் அந்த ரத்தக்கூறு ஏறி டெஸ்ட் நார்மல்னு காட்டலாம், அதனால ஒரு டெஸ்ட்டோட விட்டுடாதீங்க. இன்னொன்னு, வயித்துவலிக்கு எனக்கு வருஷக்கணக்கா எழுதிக்கொடுத்த வலி மாத்திரைங்க என்னைய மாதிரி ஆளுங்களுக்கு ரத்தப்போக்க கூட்டுற வகை. வலிய கேட்டாங்க, ரத்தத்த கேக்கல.

இப்ப பீரியட்ஸ் நாள்ல ரத்தப்போக்க குறைக்குற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை போடுறேன். ஜப்பான்ல உதாகோ ஒகாமோட்டோன்னு ஒரு அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் 1960கள்ல கொண்டுவந்த மருந்து அது. பழைய மருந்து, அதுவும் ஒரு பெண் டாக்டர் கண்டுபுடிச்சது, எனக்கு 16 வயசு இருக்கும்போதே அது இருந்திருக்கு, அத நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் ஆறமாட்டேங்குது.

என் நோய் எல்லாருக்கும் இருக்கும்னு சொல்ல வரல. கர்ப்பப்பையில வர்ற ஃபைப்ராய்டு கட்டியா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம். கர்ப்பப்பையோட உள்சுவர் மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ற எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெத்துக்குற வயசுல இருக்குற பெண்கள்ல சுமாரா பத்துல ஒருத்தருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அத கண்டுபுடிக்கவே பல வருஷம் ஆகுது, அத்தன வருஷமும் அந்த பொண்ணு "வலி தாங்கமாட்டா"ன்னு பேர் வாங்கிட்டு இருக்கா. இன்னொரு பக்கம் என் ஃப்ரெண்டோட பொண்ணுக்கு 15 வயசு, ஒரே ஒரு ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டின்னு எழுதிக்கொடுத்துட்டாங்க, அந்த புள்ள இனி நமக்கு குழந்தையே பொறக்காதுன்னு ராத்திரி உக்காந்து அழுவுது. பீரியட்ஸ் ஆரம்பிச்சு 8 வருஷம் ஆகாத பொண்ணுங்களுக்கு ஸ்கேன வச்சு பிசிஓஎஸ்னு, அதாவது இந்த நீர்க்கட்டி பிரச்சனைன்னு, முடிவு பண்ணாதீங்கன்னு சர்வதேச வழிகாட்டுதலே இருக்கு, அந்த வயசுல சினைப்பை அப்படித்தான் தெரியும். கேக்காம அனுப்புறதும் தப்பு, கேக்காம பேர் வைக்குறதும் தப்பு.

அப்புறம் எங்க அம்மா. 52 வயசுல பீரியட்ஸ் நின்னுச்சு, விட்டது சனின்னு சந்தோஷப்பட்டாங்க. 57ல லேசா கறை. வாழ்நாள் பூரா அவ்ளோ ரத்தத்த பாத்தவங்களுக்கு ரெண்டு சொட்டு ஒரு விஷயமா தெரியல, நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லல. இடையில பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் டாக்டர பாத்துட்டுதான் இருந்தாங்க, 57 வயசு அம்மாகிட்ட இதையெல்லாம் யாரு கேப்பா. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் பாக்கணும், அப்படி வர்றவங்கள்ல நூத்துக்கு 9 பேருக்கு கர்ப்பப்பை புற்றுநோய் இருக்கலாம். அம்மா அந்த 9ல ஒருத்தர். ஆரம்ப நிலையிலயே இருந்துச்சு, ரத்தம் உறையுறதுக்கு மருந்து ஏத்திட்டு கர்ப்பப்பைய எடுத்தாங்க, நல்லா இருக்காங்க. அவங்க பேக்ல இருந்த பழைய சீட்ட எல்லாம் நான் எடுத்து பாத்தேன், ஒண்ணுலகூட அந்த கேள்வி இல்ல. தேதி எழுதுற இடம்கூட காலிதான்.

என் பொண்ணுக்கு இப்ப 12 வயசு, பீரியட்ஸ் ஆரம்பிச்சு நாலு மாசம் ஆகுது. எனக்கு இருக்குறது அவளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. அடுத்த வாரம் உங்கள்ல ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு வர்றேன். ஒரு நோட்டுல நாள், மாத்துன நேரம், எத்தனை பேட், கட்டி விழுந்துச்சா, ஸ்கூலுக்கு போனாளா இல்லையா எல்லாம் அவளே எழுதி வச்சிருக்கா, அவ கையெழுத்து கொஞ்சம் கிறுக்கலா இருக்கும். வெக்கப்படுவா, உங்க முகத்த பாக்காம என் கைய புடிச்சுக்கிட்டு பேசுவா. அவகிட்டயே கேளுங்க, சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவ எடுக்காதீங்க.